பெடலை மிதிக்காமலே 'எஞ்சின் டெட்' என்று எழுதிவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், நெடுநாள் ஷெட்டில் நின்றுபோன பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அப்படியும் கிளம்பாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். பதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்ட வேண்டியிருந்தால் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள், பெட்ரோலைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் விமானம் செய்யும் எச்.ஏ.எல்.லில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில். என் மனைவியின் சித்தி ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பெரிய வளாகம். தங்கும் அறைகள் கீழே, சாப்பாட்டுக் கூடம் மேட்டில். முட்டி தேய்ந்தவர்கள் மூன்று வேளையும் அந்த ஏற்றத்தில் ஏறி இறங்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ரிசார்ட்காரர், தங்களிடம் உபரியாகக் கிடந்த பழைய பெட்ரோல் கோல்ஃப் கார்ட் ஒன்றை, அதாவது கோல்ஃப் மைதானத்தில் ஆட்களை ஏற்றிப் போகும் சின்ன வண்டியை, இல்லத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார்.

வண்டி கிளப் கார் கம்பெனியின் டி.எஸ். மாடல், தொண்ணூறுகளில் செய்தது. உள்ளே இருப்பது கவாசாகியின் எஃப்.இ.290 எஞ்சின். ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், 286 சி.சி., காற்றிலேயே குளிரும் ரகம். அடிச்சட்டம் அலுமினியம். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இத்தனை வயது வண்டியில் இரும்புச் சட்டமாக இருந்தால், பேட்டரி உட்காரும் இடம் ஆசிட் பட்டு அரித்துப் போயிருக்கும். இந்த கிளப் காரும் அதன் போட்டிக் கம்பெனியான இ-இசட்-கோவும் அமெரிக்காவில் அகஸ்டா என்ற ஒரே ஊர் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறதே, அதே ஊர். நம் பெங்களூரிலும் 1876-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. எனக்கு என்னவோ அந்த மட்டையைத் தொடும் யோகம் இதுவரை வாய்க்கவில்லை, வண்டிதான் வாய்த்தது.

2020-ல் ஊரடங்கு வந்தது. பெரியவர்களுக்குச் சாப்பாடு அறைக்கே போனது, வண்டி ஷெட்டுக்குள் போனது. ஊரடங்கு முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள், வண்டி வரவில்லை.

அதற்கப்புறம் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். சாவியைப் போட்டுத் திருகினார், சத்தமே இல்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டார், திருகினார், அப்போதும் சத்தமில்லை. பில்லின் பின்பக்கம் 'எஞ்சின் டெட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பேட்டரிக்கும் பார்த்த கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்தவர் பேட்டரி வண்டி விற்பவர். அவர் எஞ்சின் மூடியைத் தூக்கவே இல்லை, விலைப்பட்டியலைத்தான் எடுத்தார். மூன்றாவது ஆள் பழைய சாமான் வாங்கும் குஜரிக் கடைக்காரர். மூவரில் அவர் ஒருவர்தான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தைத் தட்டிப் பார்த்து அலுமினியம் என்று கண்டுபிடித்து, கிலோக் கணக்கில் விலை சொன்னார்.

"சார், நீங்க ஒரு தடவை பார்த்து ஆகாதுன்னு சொல்லிட்டா, குஜரிக்காரரை வரச் சொல்லிடறேன். டிரஸ்ட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார் இல்லத்தின் மேனேஜர் அம்மா. அவர் மேல் தப்பில்லை. ஷெட்டில் இடம் அடைக்கிறது, பெரிய எலி வேறு குடியிருக்கிறது.

விஷயம் என்னவென்றால், இந்த மாதிரி வண்டியில் சாவியைத் திருகினால் எதுவும் நடக்காது. நடக்கவும் கூடாது. கார் மாதிரி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் வழக்கம் இதற்குக் கிடையாது. சாவியை ஆன் செய்துவிட்டு ஆக்சிலேட்டர் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஒரு சின்ன ஸ்விட்ச் ஒட்டும், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் காந்த ஸ்விட்சான சோலனாய்டு 'டக்' என்று இழுக்கும், பெல்ட் போட்டு எஞ்சினோடு பிணைத்திருக்கும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் அதே ஸ்டார்ட்டர், ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். வேகம் கூடும்போது முன் கிளட்ச்சில் உள்ள எடைகள் விரிந்து டிரைவ் பெல்ட்டைப் பிடிக்கும், வண்டி நகரும். ஆக்டிவா ஸ்கூட்டரில் இருப்பதும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். காலை எடுத்தால் இக்னிஷன் கட் ஆகி எஞ்சின் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம். 'டெட்' என்று எழுதியவர் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கையால் சாவியைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வேலையை எஞ்சினில் ஆரம்பிக்கவில்லை, பிரேக்கில் ஆரம்பித்தேன். அந்த இல்லத்தில், ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் ரயில் எஞ்சின் வேலை பார்த்த ஒரு பெரியவர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். எங்கள் வண்டி ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பி, அது ஓடுறது இருக்கட்டும், நிக்குதான்னு முதல்ல பாரு" என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிட இப்போது ஊரில் ஆளே குறைந்துவிட்டது. அவர் சொன்னதும் சரிதான். இந்த மாடலில் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக், அதுவும் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக். முன் சக்கரங்களுக்கு எதுவும் கிடையாது. எங்கள் வண்டியில் ஒரு கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு அசைத்துப் பார்த்தேன், மசியவில்லை. பழையதை அளவுக்குக் கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்கினேன்.

இன்னொன்று. பின்பக்கம் எஞ்சின் அறையில் நியூட்ரல் லாக்-அவுட் என்று ஒரு சின்ன கேம், அதாவது திருப்பி வைக்கும் குமிழ், உண்டு. அதை இழுத்துத் திருப்பிவிட்டால் எஞ்சின் ஓடினாலும் வண்டி நகராது. அது இருப்பது தெரியாமல், வண்டியை கியரில் வைத்துக்கொண்டு, சோலனாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொடவைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சின் பிடித்து வேகம் கூடினால் வண்டி துள்ளி அவர்கள் காலில் ஏறலாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கேமைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

சரி, மிதித்தோம். 'டக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டே மேனேஜர் அம்மா ஓடி வந்தார். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்வார்கள், அது கிடைப்பதும் குதிரைக் கொம்பு. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, புதுப் பேட்டரி ஆயிற்றே. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொரு முனையை ஸ்டார்ட்டரின் உடம்பிலும் வைத்துக்கொண்டு வாட்ச்மேனை மிதிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சாரம் திரும்பி வரும் வழியில் அடைப்பு என்று அர்த்தம். எர்த் கேபிளின் கறுப்பு உறை வெளியே பளபளவென்றுதான் இருந்தது. கேபிள் முனையில் மாட்டும் லக் சேரும் இடத்தில் பிளேடால் ஓர் அங்குலம் கீறினேன், உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. சிவாஜிநகரில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வெல்டிங் கேபிளை வெட்டி, இரண்டு பக்கமும் லக் வைத்து அழுத்தி வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட்டர் விர்ரென்று சுற்றியது. லட்சத்தில் பேசிய இடத்தில் நூறுகளில் முடிந்த சங்கதி இது.

எஞ்சின் சுற்றுகிறது, பிளக்கில் பொறி வரவில்லை. எலி விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினின் மேல் கவசத்தைக் கழற்றியதும் கூடு முழுசாகத் தெரிந்தது. தேங்காய் நார், பிஸ்கட் உறை, மாத்திரை அட்டையின் வெள்ளிக் காகிதம், எந்தப் பாட்டியுடையதோ பூப்போட்ட கைக்குட்டையின் ஒரு மூலை, எல்லாவற்றையும் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஃப்ளைவீலோடு சேர்ந்த விசிறி, கவசத்துக்குள் காற்றைத் தள்ளி சிலிண்டரின் துடுப்புகளைக் குளிர்விக்க வேண்டும். கூட்டை எடுக்காமல் ஓட்டியிருந்தால் அன்றைக்கு நிச்சயம் டெட் ஆகியிருக்கும். அந்த எலி இன்னொரு வேலையும் பார்த்திருந்தது. இக்னிஷன் காயிலிலிருந்து வரும் கில் ஒயரின் மேல்தோலைக் கடித்திருந்தது. எஞ்சினை நிறுத்துவதற்காக இருக்கும் ஒயர் அது, எர்த்தில் பட்டால் பொறி வராது. தோல் போன இடத்தில் ஒயர் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால், வண்டி 'நில்' என்ற கட்டளையிலேயே இருந்திருக்கிறது. அந்த ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றியதும் பளீரென்று நீலப் பொறி. டேப் சுற்றி, மேலே ஒரு உறை போட்டு, எலிக்கு எட்டாத பக்கமாகத் திருப்பிக் கட்டினேன்.

இனி பெட்ரோல். வாகனப் பக்கத்தின் பதிலில் இந்த வார்த்தையே இல்லை.

டாங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை வரவில்லை, பழைய மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் வாடை வந்தது. கீழே இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தோம். மேலே தேன் நிறத்தில் ஒரு அடுக்கு, அடியில் கலங்கலாக இன்னொரு அடுக்கு. லோகோ ஷெட் பெரியவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் குடிச்சா மனுஷனே எழுந்திருக்க மாட்டான்" என்றார்.

நடந்தது இதுதான். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினை முதலில் பற்றவைப்பது. நின்றுபோன வண்டியில் முதலில் பறந்து போவதும் அதுதான். மிச்சமிருப்பது காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்தப் பிசின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் பைலட் ஜெட் என்ற துளைக் குழாயில் போய் உட்காரும், அதன் துளை ஊசி முனை அளவுதான். இது, இப்போது பெட்ரோலில் கலக்கும் எரிசாராயமான எத்தனாலே இல்லாத காலத்துப் பெட்ரோலிலும் உண்டு, எத்தனால் மேல் பழி போட முடியாது. எத்தனாலின் பங்கு வேறு. அது தண்ணீரை ஈர்க்கும். டாங்க் மூடியில் காற்று போய்வர வழி உண்டு. பெங்களூர் மழைக்கால ஈரக்காற்று அதன் வழியே உள்ளே போகும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய்த் தங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அப்புறம் பழைய ரப்பர். இந்தக் காலத்து வண்டிகளில் எத்தனாலைத் தாங்கும் ரப்பர் போடுகிறார்கள். தொண்ணூறுகளின் குழாய்களும், பம்ப்புக்குள் அசையும் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர்த் தகடும் அப்படி இல்லை, சில ஊறி உப்பும், சில விறைத்துப்போகும்.

எங்கள் வண்டியில் விறைத்தது பம்ப்பின் டயாஃப்ரம். இந்த பம்ப்புக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்தத் துடிப்பு ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து டயாஃப்ரத்தை அசைக்கும், அதுதான் பெட்ரோலை மேலே ஏற்றுகிறது. டயாஃப்ரம் அப்பளம் மாதிரி ஆகிவிட்டால் துடிப்பு வந்தும் அது அசையாது. துடிப்பு வரும் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் கதை அதேதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்திருக்கும். கார்புரேட்டருக்குள் நேராகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் பத்து விநாடி ஓடி நின்றுபோகும். அப்படி ஓடி நின்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, சாப்பாடுதான் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இந்தச் சோதனையை ஷெட்டுக்கு வெளியே, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைச் சுத்தம் செய்தேன். இரும்புக் கம்பி விட்டுக் குடையக் கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் வண்டி காலத்துக்கும் கறுப்புப் புகை கக்கும். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை, கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, பொறுமை, இவை போதும். டாங்க்கைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைத்தோம். குழாய்கள், ஃபில்டர், பம்ப் மூன்றும் புதிது. ஜே.சி. ரோட்டில் கடைக்காரர் பம்ப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எந்த வண்டிக்கு?" என்றார். கோல்ஃப் கார்ட் என்றதும் என்னை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அந்த வகைத் துடிப்பு பம்ப் வேறு சில சிறு எஞ்சின்களுக்கும் வருவதால் பொருத்தமாக ஒன்று கிடைத்தது. டிரைவ் பெல்ட்டுக்கு அந்த ராசி இல்லை. ஸ்கூட்டர் பெல்ட் ஒன்றைக் காட்டி இது போட்டுக்கோங்க என்றார்கள். அகலம் கொஞ்சம் மாறினாலும் கிளட்ச் ஒழுங்காகப் பிடிக்காது, வேண்டாம் என்று பழையதையே சுத்தம் செய்து போட்டேன், வெடிப்பு இல்லை. டயரும் அப்படித்தான். ரிம் எட்டு அங்குலம், நம் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும் எட்டு அங்குலம் என்பதால் ஆட்டோ டயர் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கோல்ஃப் கார்ட் டயர் அதைப்போல் இரண்டு மடங்கு அகலம், மண்ணில் புதையாமல் போவதற்காகச் செய்தது. யோசனைக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே ட்யூப் போட்டுச் சமாளித்தேன்.

எஞ்சின் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரோ ஒரு புண்ணியவான் இதை டூ ஸ்ட்ரோக் என்று நினைத்து, பெட்ரோலில் 2டி ஆயிலும் கலந்து வைத்திருந்தார். பழைய கோல்ஃப் கார்ட்டுகளில் டூ ஸ்ட்ரோக்கும் உண்டு என்பது உண்மைதான். ஹார்லி டேவிட்சன் கம்பெனியே 1963-லிருந்து சுமார் இருபது வருடம் அப்படி கார்ட் செய்து விற்றிருக்கிறது. ஆனால் எஞ்சினில் தனியாக ஆயில் ஊற்றும் மூடியும் டிப் ஸ்டிக்கும் இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் எதையும் கலக்க வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்க எச்.ஏ.எல். அனுபவமெல்லாம் தேவையில்லை.

எல்லாம் மாட்டிப் புது பெட்ரோல் ஊற்றி மிதித்ததும், பம்ப் இழுத்துக்கொள்ள கொஞ்ச நேரம் எடுத்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. லோகோ ஷெட் பெரியவர்தான் முதல் சவாரி போவேன் என்று அடம்பிடித்து ஏறி உட்கார்ந்தார். போகும்போது "மெதுவா, மெதுவா" என்று என்னை அதட்டிக்கொண்டே வந்தார். வேகத்துக்குக் கடிவாளம் போடும் கவர்னர் இருக்கும் வண்டி, மணிக்கு இருபது கிலோமீட்டருக்குப் பக்கத்தில்தான் போகும். நீராவி எஞ்சினைப் பார்த்தவருக்கு அதுவே வேகம் போலிருக்கிறது.

நான் பேட்டரி வண்டிக்கு எதிரி இல்லை. லால்பாக்கில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போகிறதே, பார்க்கவே நன்றாக இருக்கிறது. ரேவா மின்காரை 2001-லேயே ஓட விட்ட ஊர் இது. இல்லத்துக்கு வசதி வந்து புதிதாக வாங்குவதென்றால் பேட்டரி வண்டிதான் வாங்க வேண்டும் என்று நானே சொல்வேன். பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. மூடிய வராந்தாவுக்குள்ளோ சாப்பாட்டுக் கூடத்து வாசல் போர்ட்டிகோவில் ஓடவிட்டபடியோ நிறுத்தக் கூடாது என்று டிரைவர் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். காலை எடுத்தாலே எஞ்சின் நின்றுவிடுவதால் இந்த வண்டியில் அது சுலபம். ஆனால் புது வண்டிக்குப் பணம் இல்லாத இல்லம், கையில் இருப்பதைக் குஜரிக்குப் போட்டுவிட்டுப் பெரியவர்களை நடக்கவிடுவது என்ன கணக்கு?

ஆர்.டி.ஓ. பயமும் காட்டியிருக்கிறார்கள். பழைய பெட்ரோல் வண்டி, ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை, வம்பு வரும் என்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓட்டுவதற்காகச் செய்த தனி வகை வண்டி, மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வராது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் இறக்கினால்தான் வம்பு. மெடிக்கல் ஷாப் வரை போய்வரலாமே என்று ஒரு பாட்டி கேட்டார், முடியாது பாட்டி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் தொடங்கி வைத்ததே நம் பெங்களூரில்தான், 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி, எரிசக்தி மாநாட்டில். நாங்கள் டாங்க்கிலிருந்து வடித்த பெட்ரோல் அதற்கு முந்தைய காலத்துது. நாட்டில் கலப்பு பத்து சதவீதத்தை எட்டியதே 2022-ல்தான். குறைந்த கலப்பிலேயே அடியில் ஒரு அடுக்கு தேங்கியது என்றால், இன்றைக்கு டாங்க்கில் விட்டுவைப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மண்டியா கரும்பு விவசாயிக்கு எத்தனாலால் நாலு காசு வருகிறதென்றால் எனக்கும் சந்தோஷம்தான். தினமும் ஓடும் வண்டிக்கு இதில் பெரிய கவலையும் இல்லை. ஊற்றுவதும் எரிவதுமாகப் போய்க்கொண்டே இருக்கும். கவலையெல்லாம் நிற்கும் எஞ்சினுக்குத்தான். கடைகளில் கரண்ட் போனால் மட்டும் இழுக்கும் சின்ன ஜெனரேட்டர், அபார்ட்மென்ட்டில் புல் வெட்டும் மெஷின், ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் பவர் ஸ்ப்ரேயர், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வரும்போது ஓட்டுவதற்கென்று மூடி வைத்திருக்கும் புல்லட், எல்லாம் இந்தக் கூட்டம்தான். என் மைத்துனரின் ஸ்ப்ரேயர் வருடா வருடம் சீசன் ஆரம்பத்தில் மெக்கானிக்கிடம் போகும். இப்போது சீசன் முடிந்ததும் டாங்க்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் பரண்மேல் ஏற்றுகிறார். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாமல் அன்றைக்கே ஓடும் வண்டியில் ஊற்றிவிட வேண்டும். எங்கள் பாட்டிலில் இருந்த மாதிரி கெட்டுப்போனதை எதிலும் ஊற்றக் கூடாது, ஒர்க்‌ஷாப்பில் பாகங்களைக் கழுவக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

ஆகவே அந்த வாசகருக்கு இன்னொரு பதில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய பெட்ரோலை வடித்துவிட்டாரா, எர்த் கேபிளை மீட்டர் வைத்துப் பார்த்தாரா, பிளக்கில் பொறி வருகிறதா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் வந்தபிறகு விற்கச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். இதைத் தவிர, எந்த வண்டியானாலும் பார்க்க வரும் மெக்கானிக் 'டெட்' என்று எழுதினால், என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது என்று அதே தாளில் எழுதி வாங்கும் பழக்கம் இல்லங்களுக்கும் டிரஸ்ட்டுகளுக்கும் வர வேண்டும். எச்.ஏ.எல்.லில் அளவு எழுதாமல் ஒரு வாஷரைக்கூட எங்களால் கழித்துக்கட்ட முடிந்ததில்லை.

வாகனப் பக்கத்தில் இதற்கு இடமில்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது விருச்சிகம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஞ்சின் ஃபிட்டர்,
மர்பி டவுன், பெங்களூரு – 560 008